ஜெயித்தவருக்கும் நிம்மதி இல்லை! வீம்பு வழக்குக்குக் கடிவாளம் போடும் 1949-ம் ஆண்டு சட்டம்

சென்னை-

"உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்!"

தெருச்சண்டையில் இந்த வார்த்தையைக் கேட்காதவர் இருக்க முடியாது. பெரும்பாலும் அது வாயோடு போய்விடும். சிலர் நிஜமாகவே கோர்ட்டுக்குப் போவார்கள். தோற்றால் அப்பீல் போவார்கள். அதிலும் தோற்றால் பெருமூச்சு விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆனால் ஒரு சிலர் விடுவதே இல்லை! தோற்ற வழக்கையே தலைப்பை மாற்றி, பிரிவை மாற்றி, கோர்ட்டை மாற்றித் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வக்கீல் வைப்பதில்லை. தாங்களே எழுதி, தாங்களே தாக்கல் செய்து, தாங்களே வாதாடுகிறார்கள்.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்து, "இனிமேல் அனுமதி வாங்காமல் ஒரு வழக்கும் போடக்கூடாது" என்று உத்தரவு போட ஐகோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. நாடு சுதந்திரம் அடைந்து இரண்டே வருடத்தில், 1949-ல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டம் அது. இந்தியாவிலேயே இந்த வகையில் முன்னோடி.

வக்கீல்களில் பலருக்கும் தெரிந்த இந்தச் சட்டம், வழக்கில் சிக்கித் தவிக்கும் கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் அவ்வளவாகத் தெரியாது. அதன் விவரம் வருமாறு:-

எல்லோருக்கும் திறந்த வாசல்

பாரிமுனையில் செக்கச்செவேலென்று நிற்கும் ஐகோர்ட்டு கட்டிடம் 1892-ல் திறக்கப்பட்டது. அந்த வளாகத்தில் மனுநீதிச்சோழனுக்குச் சிலை உண்டு. திருவாரூரில் அரண்மனை வாசலில் மணி கட்டியிருந்தான் சோழன். கன்றை இழந்த பசு வந்து கயிற்றை இழுத்தது. பசுவுக்கும் நியாயம் கிடைத்தது. அந்தக் கதையைத் தெரியாத தமிழர் இல்லை.

இன்றைய சட்டமும் அந்த மணியைக் கட்டித்தான் வைத்திருக்கிறது. வழக்கு நடத்த வக்கீல் கட்டாயம் இல்லை. 1908-ம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டப்படி, வழக்காளி தானே நேரில் ஆஜராகலாம். மனு கொடுக்கலாம். வாதாடலாம். கோர்ட்டு பாஷையில் இவர்களுக்கு "பார்ட்டி இன் பெர்சன்" என்று பெயர்.

வக்கீல் பீசு கொடுக்க முடியாத ஏழைக்கு இது பெரிய பாதுகாப்பு. கோர்ட்டு கட்டணம் கட்டவும் வழி இல்லாதவர், வறியவர் என்று நிரூபித்துவிட்டு, கட்டணம் கட்டாமலே வழக்கு தொடரவும் அதே சட்டத்தில் இடம் உண்டு.

ஆக, மணிக்கயிறு எல்லோர் கைக்கும் எட்டும். ஆனால் ஒரே ஆள் ராத்திரி பகலாக அதே கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தால்? அடுத்து வந்து நிற்கும் பசு எப்போது மணி அடிப்பது?

அண்ணாச்சி கதை

ஒரு உதாரணம். இது கற்பனைதான். யாரையும் குறிப்பிடுவது அல்ல.

வால்டாக்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு அண்ணாச்சி. மளிகைக்கடை. கடை இருக்கும் கட்டிடத்தை முறையாகப் பணம் கொடுத்து, பத்திரம் பதிவு செய்து வாங்கினார். விற்றவருடைய அண்ணன் மகன், "இதில் எனக்கும் பங்கு உண்டு" என்று சிட்டி சிவில் கோர்ட்டில் வழக்கு போட்டார். தள்ளுபடி. ஐகோர்ட்டில் அப்பீல். அதுவும் தள்ளுபடி.

அண்ணாச்சி கடையில் எல்லோருக்கும் காராசேவு கொடுத்துக் கொண்டாடினார். கதை முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை!

ஆறு மாதம் கழித்து அடுத்த சம்மன் வந்தது. "பத்திரத்தில் உள்ள கையெழுத்து போலி" என்று புது வழக்கு. அதுவும் தள்ளுபடி. அப்புறம் எழும்பூர் கோர்ட்டில் கிரிமினல் புகார். பிறகு பத்திரம் எழுதியவர் மேல் ஒரு வழக்கு. அண்ணாச்சியின் வக்கீல் மேல் ஒரு புகார். தீர்ப்புச் சொன்ன நீதிபதி மேலேயே ஒரு மனு!

ஒவ்வொரு வழக்கிலும் அண்ணாச்சிதான் ஜெயித்தார். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஓடவேண்டும். வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டும். கட்டிடத்தின் பேரில் கடன் கேட்டுப் போனால், "வழக்கு நிலுவையில இருக்கே, அது முடியட்டும் பார்க்கலாம்" என்று பாங்கில் கையை விரித்துவிட்டார்கள்.

கடைசியில் வீட்டு அம்மாள் கேட்டார்: "எத்தனை தடவைதாங்க ஜெயிக்கிறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வந்ததுதான் 1949-ம் ஆண்டு சட்டம்.

பிரேக்கு இல்லாத வண்டி

வழக்கு போடுகிற அந்த மனிதரைப் போய்ப் பார்த்தால், அவர் ரவுடி அல்ல; மோசடிக்காரரும் அல்ல. கையில் ஒரு மஞ்சள் பை. பை நிறைய ஜெராக்ஸ் காகிதம். பென்ஷனில் பாதி அதற்கே போய்விடும்.

"நியாயம் கிடைக்கிற வரைக்கும் நான் விடறதா இல்லை சார்!" என்பார். மனதார நம்பித்தான் சொல்வார்.

வக்கீல் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டாவது வழக்கின்போதே, "ஐயா, இதுல ஒண்ணும் இல்லீங்க. விட்டுடுங்க" என்று அவர் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டாலும், அவர் கேட்கும் பீசு சொல்லியிருக்கும்! வக்கீல் வழக்குக்கு என்ஜின் மட்டும் அல்ல, பிரேக்கும் அவர்தான். ஒருமுறை தீர்ப்பான விஷயத்தை அதே ஆட்கள் மறுபடி கிளப்ப முடியாது என்ற விதியும் அவருக்குத் தெரியும்.

தானே வாதாடுகிறவருக்கு அந்தப் பிரேக்கு கிடையாது. தோல்வி வரும்போதெல்லாம், "நீதிபதி சரியாகப் படிக்கவில்லை, இன்னொரு நீதிபதியிடம் போனால் சரியாகிவிடும்" என்றுதான் தோன்றும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தத் தொல்லை நம் ஊரில் மட்டும் முளைத்தது அல்ல. இதற்கு மருந்து கண்டுபிடித்ததும் நம் ஊர் அல்ல. லண்டன்!

48 வழக்கு போட்ட ஆசாமி

1890-களில் லண்டனில் அலெக்சாண்டர் சாபர்ஸ் என்று ஒருவர் இருந்தார். தொழில் சொலிசிட்டர். அதாவது சட்டம் படித்தவர்.

சில வருடங்களுக்குள் இவர் தொடர்ந்த வழக்குகள் 48! யார் யார் மேல்? பட்டத்து இளவரசர் மேல் வழக்கு. கான்டர்பரி ஆர்ச்பிஷப் மேல் வழக்கு. பாராளுமன்ற சபாநாயகர் மேல் வழக்கு. நீதிபதிகள் மேலும் வழக்கு. ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோல்வி. தோற்றவர் எதிர்த்தரப்புச் செலவைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். இவரிடம் கொடுக்கக் காசு இல்லை.

பார்த்தது பிரிட்டிஷ் அரசாங்கம். 1896-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காரணம் இல்லாமல், வழக்கமாக, விடாப்பிடியாகத் தொல்லை வழக்கு போடுகிறவர் என்று ஐகோர்ட்டு முடிவு செய்தால், அவர் அனுமதி இல்லாமல் புது வழக்கு போட முடியாது. அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியவர் சாபர்சேதான்!

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. கிரிமினல் வழக்குக்கு இந்தத் தடை பொருந்தாது என்று லண்டன் அப்பீல் கோர்ட்டு பின்னாளில் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஒரு மனிதன் கோர்ட்டுக்கு வரும் உரிமையைக் குறைக்கிற சட்டத்தை இழுத்து நீட்டிப் படிக்கக்கூடாது என்பது காரணம்.

அந்த ஓட்டை சென்னைச் சட்டத்தில் கிடையாது.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

1949-ம் ஆண்டின் 8-வது சட்டம். சென்னை மாகாணத் தொல்லை வழக்குத் தடுப்புச் சட்டம். இன்று தமிழ்நாடு என்ற பெயரோடு வழங்குகிறது. அளவில் மிகச் சிறியது. அதன் சாரம் இதுதான்:-

* ஒருவர் நியாயமான காரணம் இல்லாமல், வழக்கமாகத் தொல்லை வழக்கு போடுகிறார் என்று அட்வகேட் ஜெனரல் ஐகோர்ட்டில் மனு செய்யவேண்டும்.

* அந்த நபரைக் கூப்பிட்டு, அவர் தரப்பைக் கேட்டபிறகே ஐகோர்ட்டு உத்தரவு போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாத ஏழையாக இருந்தால், அவருக்காக ஐகோர்ட்டே வக்கீல் ஏற்பாடு செய்யலாம்.

* உத்தரவு வந்துவிட்டால், சென்னை நகரத்தில் வழக்கு போட ஐகோர்ட்டின் அனுமதி வேண்டும். வெளியூர்களில் மாவட்ட செஷன்ஸ் நீதிபதியின் அனுமதி வேண்டும். சிவில், கிரிமினல் இரண்டுக்கும் இது பொருந்தும்.

* மேலோட்டமாகப் பார்க்கும்போதே வழக்கில் விஷயம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அனுமதி கிடைக்கும்.

* அனுமதி வாங்காமல் போட்ட வழக்கு தள்ளுபடி ஆகிவிடும். ஆனால் அனுமதி கேட்டுப் போடும் மனுவுக்குத் தடை இல்லை.

* உத்தரவின் நகல் அரசாங்க கெஜட்டில் வெளியாகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கதவைப் பூட்டிச் சாவியைக் கடலில் எறியவில்லை. வாசலில் ஒரு காவல்காரரை நிறுத்தியிருக்கிறார்கள். "என்ன விஷயம்? காகிதத்தைக் காட்டுங்க" என்று கேட்கிற காவல்காரர். விஷயம் இருந்தால் உள்ளே விடுவார்.

அரசியல் சட்டத்துக்குச் சரியா?

இந்தச் சட்டம் பிறந்தபோது நம் அரசியல் சட்டம் அமலுக்கு வரவில்லை. 1950 ஜனவரி 26-க்குப் பிறகு ஒரு கேள்வி எழுந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று எழுதிவைத்துவிட்டு, ஒருவரை மட்டும் "நீ அனுமதி வாங்கிக்கொண்டு வா" என்பது எந்த ஊர் நியாயம்?

அந்தக் கேள்வி ஆந்திராவில் இருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. பழைய சென்னை மாகாணத்தின் ஒரு பகுதிதான் ஆந்திரா. 1953-ல் பிரிந்துபோனபோது சென்னைச் சட்டமும் கூடவே போனது. அங்கே ஒருவர் மேல் இந்தச் சட்டப்படி உத்தரவு போட்டார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

1965-ல் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. தொல்லை வழக்கு போடுவது எந்தக் குடிமகனுக்கும் கட்டுப்பாடு இல்லாத உரிமை ஆகாது. நிஜமான வழக்கு என்றால் அனுமதி கிடைக்கத்தான் போகிறது. ஆகவே இது உரிமையைப் பறிப்பது அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

அதன்பின் மகாராஷ்டிரா 1971-ல் இதே மாதிரிச் சட்டம் கொண்டுவந்தது. மத்திய சட்டக் கமிஷன் 2005-ல் தன் 192-வது அறிக்கையை முழுக்க முழுக்க இந்த விஷயத்துக்கே ஒதுக்கியது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் தேவை என்று சிபாரிசு செய்தது. அந்த அகில இந்தியச் சட்டம் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

அண்ணாச்சி நேராகப் போகமுடியாது!

சட்டம் இருக்கிறதே, அண்ணாச்சி உடனே போய் மனு கொடுத்துவிடலாமா? முடியாது. மனு போடவேண்டியவர் அட்வகேட் ஜெனரல். அதாவது மாநில அரசின் தலைமை வக்கீல். பாதிக்கப்பட்டவர் அவரிடம்தான் முறையிடவேண்டும்.

இது சும்மா வைத்த தடை அல்ல. எதிராளியை வாயடைக்க இந்தச் சட்டத்தையே ஆயுதமாக்கிவிடக்கூடாது அல்லவா? பணக்காரர் ஒருவர், தன்மேல் நியாயமாக இரண்டு வழக்கு போட்ட வாடகைதாரரை "தொல்லை ஆசாமி" என்று முத்திரை குத்தப் பார்க்கலாம். அதனால் நடுவில் ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள்.

அதற்காக அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டியது இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே வேறு வழிகள் உண்டு.

ஒன்று: ஏற்கனவே தீர்ப்பான விஷயம் என்று 11-வது பிரிவின்கீழ் ஆட்சேபிக்கலாம்.

இரண்டு: வழக்கு போட முகாந்திரமே இல்லை என்றால், சாட்சி விசாரணைக்குப் போகாமல் ஆரம்பத்திலேயே நிராகரிக்கும்படி மனு செய்யலாம்.

மூன்று: பொய் வழக்கு, தொல்லை வழக்கு என்று கோர்ட்டு கருதினால் எதிர்த்தரப்புக்கு நஷ்டஈடாகச் செலவுத்தொகை கொடுக்கச் சொல்லலாம். 35-ஏ பிரிவு. ஆனால் சாதாரண சிவில் வழக்கில் இதற்கு உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? வெறும் ரூ.3 ஆயிரம்! 1976-ல் வைத்த கணக்கு. ஒரு வாய்தாவுக்கு ஆகும் செலவுக்குக்கூட இன்று அது காணாது.

ஆகவேதான் ஒவ்வொரு வழக்காக வெட்டுவது போதாமல், வழக்கு முளைக்கும் இடத்திலேயே காவல் போட வேண்டிய நிலை வருகிறது.

மற்ற நாட்டில் எப்படி?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதில் கறாராகக் கணக்கு வைத்திருக்கிறது. அங்கே 1963-ல் சட்டம் வந்தது. வக்கீல் இல்லாமல் தானே நடத்திய வழக்குகளில், 7 வருடத்துக்குள் 5 வழக்கு தோற்றால் போதும். தொல்லை வழக்காளி என்று அறிவிக்கலாம். சிறு தொகை கோர்ட்டு வழக்குகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. எதிராளியின் செலவுக்கு முன்கூட்டியே ஜாமீன் தொகை கட்டச் சொல்லலாம். முன் அனுமதி வாங்கச் சொல்லும் அதிகாரம் 1990-ல் சேர்க்கப்பட்டது. அப்படி உத்தரவு வாங்கியவர்களின் பெயர்ப்பட்டியலே மாநில அளவில் இருக்கிறது.

இங்கிலாந்தில் 2004 முதல் மூன்று படி வைத்திருக்கிறார்கள். முதல் படி, அந்த ஒரு வழக்கில் மட்டும் இஷ்டத்துக்கு மனு போடத் தடை. இரண்டாவது, அந்த விஷயம் சம்பந்தமான எல்லா வழக்குக்கும் தடை. மூன்றாவது, எந்த விஷயமானாலும் அனுமதி வேண்டும். இந்தத் தடைகளுக்குக் கால வரம்பு உண்டு. சின்னத் தப்புக்குச் சின்னப் பூட்டு.

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டிலும் 1989-ல் இந்தப் பிரச்சினை வெடித்தது. டென்னசி மாநிலத்துக்காரர் ஒருவர், வக்கீல் இல்லாமல், கட்டணம் கட்ட வசதி இல்லை என்று சொல்லி, 1971-ல் இருந்து 73 மனு போட்டிருந்தார். எல்லாம் தள்ளுபடி. "இனி இப்படிப்பட்ட விசேஷ மனுக்களைக் கட்டணம் இல்லாமல் ஏற்கமாட்டோம்" என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு அர்த்தமில்லாத காகிதம் ஆனாலும் அதைப் படிக்க கோர்ட்டின் நேரம் செலவாகிறது என்பது அவர்கள் வாதம்.

ஆனால் நான்கு நீதிபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை. கோர்ட்டின் ஏறக்குறைய 200 வருட சரித்திரத்தில் ஒரு ஏழையைப் பார்த்து இப்படிக் கதவைச் சாத்தியது இல்லையே என்று நீதிபதி பிரென்னன் வருத்தப்பட்டு எழுதினார்.

பென்சிலால் எழுதிய மனு

அவர் வருத்தத்துக்குக் காரணம் உண்டு.

அதே அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு முன்பு ஒரு மனு வந்தது. புளோரிடா மாநிலச் சிறையில் இருந்த கிளாரன்ஸ் கிடியன் என்ற கைதி, சிறைக் காகிதத்தில் பென்சிலால் எழுதி அனுப்பியது. வக்கீல் வைக்கக் காசு இல்லை, கேட்டும் கோர்ட்டு தரவில்லை என்பது அவர் புகார். 1963-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பெருங்குற்ற வழக்கில் சிக்கும் ஏழைக்கு அரசாங்கமே வக்கீல் தரவேண்டும் என்பது அமெரிக்கா முழுவதற்கும் சட்டம் ஆனது. ஒரு பென்சில் செய்த வேலை!

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. டெல்லி திகார் சிறையில் இருந்த கைதி ஒருவர், இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததாக சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். வக்காலத்து இல்லை, ஸ்டாம்பு இல்லை. அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது கோர்ட்டு. கைதிகளின் உரிமை பற்றி இன்றுவரை பேசப்படும் தீர்ப்பு அது.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். ஐகோர்ட்டை ஒட்டியிருந்த சென்னை சட்டக் கல்லூரியில் படித்தவர்.

இதே கிருஷ்ணய்யர்தான், அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1977-ல், வேறு ஒரு வழக்கில் கடுமையாகச் சீறினார். வாடகை இடத்தைக் காலிசெய்யச் சொல்லித் தீர்ப்பான பிறகும் திரும்பத் திரும்ப வழக்கு போட்டு இழுத்தடித்த வழக்கு அது. இப்படிப்பட்ட வீம்பு வழக்குகளை முளையிலேயே கிள்ள வேண்டும். சாமர்த்தியமாக எழுதி வழக்கு இருப்பதுபோலக் காட்டினால் கீழ்க்கோர்ட்டு நீதிபதி ஏமாறக்கூடாது என்பது அவர் தீர்ப்பின் கருத்து.

ஒரே பேனா. கைதியின் கடிதத்துக்குக் கதவைத் திறந்தது. வீம்பு வழக்குக்குக் கதவைச் சாத்தியது. இரண்டும் முரண் அல்ல. கடிதம் எழுதிய கைதி, அதுவரை யாரும் கேட்காத ஒரு விஷயத்தைச் சொன்னார். வீம்பு வழக்கு, கேட்டு முடித்த விஷயத்தைத் திரும்பச் சொன்னது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

தோற்பது குற்றமா?

இல்லை. ஒரு வழக்கில் தோற்றவர் தொல்லை ஆசாமி அல்ல. இரண்டு வழக்கில் தோற்றவரும் அல்ல. ஒவ்வொரு வழக்கிலும் யாராவது ஒருவர் தோற்றுத்தான் ஆகவேண்டும். "வழக்கமாக", "நியாயமான காரணம் இல்லாமல்" என்று இரண்டு வார்த்தையைச் சட்டம் சேர்த்தே வைத்திருக்கிறது. இரண்டும் இருந்தால்தான் கடிவாளம்.

சட்டம் தெரியாமல் மனுவைத் தப்பாக எழுதுவதும் வீம்பு ஆகாது. எந்தப் பிரிவு, எந்தக் கோர்ட்டு என்று சாமானியருக்கு எப்படித் தெரியும்? தடுமாறுகிற ஆளுக்கும் தொல்லை கொடுக்கிற ஆளுக்கும் வித்தியாசம் பார்ப்பது நீதிபதியின் கடமை.

தானே வாதாட வருகிறவரை முன்கூட்டியே பார்த்துப் பேசும் முறையும் இப்போது வந்திருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டின் 2013-ம் ஆண்டு விதிப்படி, வக்கீல் ஏன் வைக்கவில்லை என்று அவர் காரணம் சொல்லி மனு கொடுக்க வேண்டும். ரிஜிஸ்திரார் அவரோடு பேசிப் பார்த்து, இவரால் கோர்ட்டுக்கு விஷயத்தை எடுத்துச் சொல்ல முடியுமா, அல்லது உதவிக்கு ஒரு வக்கீலை நியமிக்கலாமா என்று அறிக்கை கொடுப்பார். மும்பை ஐகோர்ட்டும் 2015-ல் இதுபோன்ற விதி கொண்டுவந்தது.

இதிலும் இரண்டு பக்கம் உண்டு. "என் வழக்கை நானே பேச எதுக்கு பரீட்சை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாலு வார்த்தை பேசிப் பார்த்து, "உங்க விஷயம் சரி, போன இடம்தான் தப்பு" என்று ஆரம்பத்திலேயே ஒருவர் சொல்லிவிட்டால், பத்து வருட அலைச்சல் மிச்சம். மஞ்சள் பையோடு அலைகிறவருக்கு யாரும் சரியான நேரத்தில் சொல்லாமல் விட்டது அதுதான்.

காசு இல்லாமல் வக்கீல்

பலர் தாங்களே வாதாடக் காரணம், வக்கீல் பீசு. அவர்களில் பாதிப்பேருக்கு இலவச வக்கீல் கிடைக்கும் என்பதே தெரியாது என்று கோர்ட்டு வராந்தாவில் பேச்சு அடிபடும்.

1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவைப் பார்க்கவேண்டும். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி வகுப்பினர், தொழிற்சாலைத் தொழிலாளர், ஊனமுற்றோர், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே வருமானம் உள்ள எவரும் கேட்கலாம்.

மாநிலத்துக்கு ஒரு ஆணையம். மாவட்டத்துக்கு ஒன்று. தாலுகா அளவிலும் கமிட்டி உண்டு. ஐகோர்ட்டுக்கும் தனிக் கமிட்டி இருக்கிறது. நேரில் போகமுடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து கேட்கலாம்.

ஆனால் இங்கேயும் ஒரு விஷயம். வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உதவி கொடுப்பார்கள். "இதில் ஒன்றும் இல்லை" என்று அங்கே இருக்கிற வக்கீல் சொன்னால், அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. காசு வாங்காத ஆள் சொல்கிற வார்த்தை அது.

தீர்ப்பு பிடிக்கவில்லையா? குறிப்பிட்ட நாளுக்குள் அப்பீல் போகலாம். புதிய ஆதாரம் கிடைத்ததா? அதைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம். இரண்டும் இல்லையென்றால் அந்த வழக்கு முடிந்தது.

அண்ணாச்சியைப் போல ஜெயித்துக் களைத்தவர்கள், இதுவரை தங்கள் மேல் போட்ட வழக்குகளின் எண்ணையும் தள்ளுபடியான தேதியையும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, தீர்ப்பு நகல்களோடு வைத்துக்கொள்ளவேண்டும். "வழக்கமாக" போடுகிறார் என்பதை நிரூபிக்க அந்தத் தாள்தான் முதல் சாட்சி என்பது குறிப்பிடத்தக்கது.